அரைக்கட்டை ஏறிய கேசட்: மதுரையில் மெல்லிசைக்காரர்களின் டேப்புகளைக் காப்பாற்றும் ஒரு மாடிக் கடை

தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது இந்தக் கடை. போர்டு கிடையாது. கீழே டீக்கடையில் “டேப் ரிப்பேர்க்காரர் மாடி எது?” என்று கேட்டால் கை காட்டுவார்கள். ஒரே ஆள், ஒரே டெக். வருகிற வேலைக்கே நேரம் போதவில்லை என்பதால் பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

செய்யும் வேலை இரண்டு. பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றித் தருவது ஒன்று. அந்தக் கேசட்டில் வாசித்தவரையே உட்காரவைத்து, பாட்டைப் போட்டுக் காட்டி, அவர் நினைவில் வருவதைப் பதிவுசெய்து தருவது இன்னொன்று. முதல் வேலைக்கு எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும். இரண்டாவதை இவ்வளவு பொறுமையாகச் செய்பவர்கள் அரிது. ஆனால் முதல் வேலையில் சின்னப் பிசகு நடந்தாலும் அது இரண்டாவதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அது இங்கேயே நடந்தது, பிறகு சரியும் செய்யப்பட்டது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடுக்கப்பட்டவை 14 கேசட்டுகள்: 90 நிமிடக் கேசட் 9, 60 நிமிடக் கேசட் 5. சோழவந்தான் பக்கத்து மெல்லிசைக் கலைஞர் ஒருவருடையவை. இப்போது எழுபதை நெருங்குகிறார். ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது திருவிழா மேடையில் விடிய விடிய நடக்கும் இசை நாடகத்தில், ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடித் தொடங்கியவர். அப்புறம் ஆர்கெஸ்ட்ராவில் அக்கார்டியன், பிறகு கீபோர்டு. சனிக்கிழமை ராத்திரி மாரியம்மன் கோயில் மேடை, விடிந்தால் சர்ச்சில் கொயர். கல்யாணக் கச்சேரி இல்லாத ஆடி, மார்கழியில் ஆர்மோனியத்துக்கு ரீட் மாற்றிச் சுதி சேர்த்துக் கொடுப்பார். சினிமாவில் ஒரு நாளும் வாசித்ததில்லை. ரெக்கார்டு வந்ததில்லை.

மதுரைச் சீமை சினிமா இசைக்குக் கொடுத்தவர்கள் பெரிய ஆட்கள். டி.எம். சௌந்தரராஜன் 1922இல் மதுரையில் பிறந்தவர். முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்து இப்போது தேனி மாவட்டத்தில் இருக்கும் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜாவின் முதல் படம் வந்தது 1976இல். சென்னைக்குப் போனவர்களின் உழைப்பு இசைத்தட்டிலும் ஃபிலிமிலும் பத்திரமாக இருக்கிறது. ஊரிலேயே இருந்து முப்பது நாற்பது வருஷம் மேடை மேடையாக வாசித்தவர்களுக்கு மிச்சம் பீரோ மேல் அட்டைப்பெட்டியில் கிடக்கும் இந்தக் கேசட்டுகள்தான். அவர்கள் வாசித்ததற்கு வேறு சாட்சி இல்லை. அதனால் இதை மாற்றிக் கொடுக்கிறவர் கவனமாக இருந்தாக வேண்டும்.

முதலில் கேசட்டின் உடம்பைப் பார்க்கலாம். பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய இந்தச் சின்னக் கூட்டுக்குள் ஓடும் டேப்பின் அகலம் 3.81 மில்லிமீட்டர். ஓடும் வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். 60 கேசட்டின் டேப் சுமார் 18 மைக்ரான் தடிமன். 90 கேசட்டுடையது சுமார் 12 மைக்ரான்தான். அதனால்தான் 90 கேசட் அதிகம் சிக்கும், இழுபடும். கச்சேரியை இடைவெளியில்லாமல் பிடிக்க வேண்டும் என்று ரசிகர்கள் வாங்கியது பெரும்பாலும் 90தான் என்பது நம் துரதிர்ஷ்டம்.

இந்த 14இல் மூன்றில் பேட் விழுந்திருந்தது. கேசட்டின் வாயில், நடுவே, செம்புத் தகட்டின் மேல் ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்குமே, அதுதான். டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு டேப்பை அழுத்திப் பிடிப்பது அது. இருபது முப்பது வருஷத்தில் பசை காய்ந்து உதிர்ந்துவிடும். பேட் இல்லாத கேசட்டைப் போட்டால் ஹை-ஹாட்டும் ஜால்ராவும் மங்கி, சத்தம் போய்ப் போய் வரும். வீட்டில் பலர் அதைக் கேட்டுவிட்டு “டேப் போயிருச்சு” என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். டேப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கடைக்காரர் வேறொரு கேசட்டிலிருந்து தகட்டோடு பேடை எடுத்து மாற்றினார். மூன்றுக்கும் காசு வாங்கவில்லை.

இரண்டு கேசட்டில் ஸ்க்ரூ இல்லை; கூட்டை ஒட்டி மூடிய வகை. உள்ளே வழுக்குத் தாள் சுருண்டு சக்கரம் சுற்றவில்லை. இணைப்புக் கோட்டில் பிளேடை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டே சுற்றிவந்து பிளந்து, இரண்டு சக்கரத்தையும் டேப்போடு தூக்கி, ஐந்து ஸ்க்ரூ உள்ள ஒரு கூட்டுக்குள் வைத்து மூடினார். புது வெற்றுக் கேசட் கிடைப்பது கஷ்டமாகிவிட்டதால், விற்காமல் கிடந்த பக்திப் பாடல் கேசட்டுகளின் கூட்டைப் பயன்படுத்துகிறார். பழைய கூட்டின் மேல் ஒட்டியிருந்த லேபிளை, அதில் இருந்த கையெழுத்தோடு, தனியாக ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தந்தார். இதைக் கேட்காமலே செய்தார்.

ஒரு கேசட்டில் டேப்பின் முனை லீடரிலிருந்து, அதாவது தொடக்கத்தில் வரும் ஒலி பதியாத வெற்று நாடாவிலிருந்து, விட்டிருந்தது. அதற்கு டேப் அகலத்துக்கே வெட்டி விற்கும் ஒட்டுநாடாதான் போட வேண்டும். செல்லோடேப் ஒட்டினால் நம் ஊர் வெயிலில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அந்த இடத்தில் டேப் கிழியும். வீட்டில் யாராவது முன்பே செல்லோடேப் ஒட்டியிருந்தால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றில் பூஞ்சை. சுற்றின் பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள். அதை நல்ல டெக்கில் போடக் கூடாது. ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டுக்குப் போகும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, நூல் பிரியாத துணியால் துடைத்து, கூடு மாற்றி, கடைசி ஆளாகத்தான் ஓட்டினார். சரியான வரிசை.

ஓட்டும் முறையும் ஒழுங்காகவே இருக்கிறது. ஒவ்வொரு கேசட்டையும் முதலில் முழுக்க முன்னாலும் பின்னாலும் ஒரு முறை சுற்றுகிறார். வருஷக்கணக்காக ஒட்டிக் கிடந்த சுற்றுகள் பிரியும், டேப் சமமாக உட்காரும். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் கம்பியான கேப்ஸ்டனையும் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கிறார். ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் இல்லை, சோப்புத் தண்ணீர். ஆல்கஹால் பட்டுப்பட்டு ரப்பர் இறுகிப்போகும் என்பது அவர் கணக்கு. வீட்டில் செய்பவர்கள் கை கழுவும் சானிடைசரைத் தொடவே வேண்டாம். அதில் உள்ள கிளிசரின் ஹெட்டில் படியும்.

அதற்குப் பிறகு வருவதுதான் பாதிக் கடைகள் செய்யாத வேலை: ஹெட் அட்ஜஸ்ட். கேசட்டைப் பதிவுசெய்த மிஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் ஒலிக்கும் ஹெட்டும் இருக்க வேண்டும். மயிரிழை மாறினாலும் உச்ச ஒலிகள் போய்விடும். இவர் இடது, வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே, ஹெட்டின் ஓரத்து ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக அப்படியும் இப்படியும் திருப்புகிறார். ஜால்ரா பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துகிறார். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் தனியாகச் செய்கிறார். பக்கம் மாற்றினாலும் மறுபடி. ஆன்லைனில் மலிவாக விற்கும் யுஎஸ்பி கேசட் பிளேயரில் இதெல்லாம் நடக்காது. அதன் மோட்டாரும் ஆடும். நல்ல டெக்கில் வேக நடுக்கம் 0.1 சதவீதத்துக்குள் இருக்க, அதில் பல மடங்கு இருக்கும். நீட்டிப் பிடிக்கும் ஒரு அக்கார்டியன் ஸ்வரம் போதும், காட்டிக்கொடுத்துவிடும்.

மேடைப் பதிவுகள் மோனோ டேப் ரெக்கார்டரில், மிஷினோடு வந்த மைக்கில் பிடித்தவை. மோனோவாக இருந்தாலும் இவர் ஸ்டீரியோவாகவே எடுக்கிறார். அதற்குக் காரணம் உண்டு. மோனோ ஹெட் பதிவது இடது, வலது இரண்டு தடத்தின் அகலத்திலும். டேப்பின் ஓரம் கசங்கியிருந்தால் ஒரு தடம்தான் கெடும். மற்றது நன்றாக இருக்கும், அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். டேப் இரைச்சலைக் குறைக்க டெக்கில் இருக்கும் டால்பியை அணைத்தே வைக்கிறார். அதுவும் சரி. டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டு ஒலித்தால் போர்வைக்குள் பாடுவது போல இருக்கும். ரெக்கார்டிங் சென்டரில் காப்பி எடுத்த ஒரே ஒரு கேசட்டுக்கு மட்டும் போட்டார்.

ஃபைல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ், ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வகை. உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைக்கிறார். இந்த அளவில் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு சுமார் 2.07 ஜிபி பிடிக்கும். 14 கேசட்டின் 18½ மணி நேரத்துக்கு 38 ஜிபி சொச்சம் வந்தது; 64 ஜிபி பென் டிரைவில் அடங்கியது. கேட்பதற்குத் தனியாக எம்பி3 தருகிறார். பேரப்பிள்ளைகள் போனில் கேட்பதற்கு அது போதும். ஆனால் எம்பி3யை மட்டும் வைத்துக்கொண்டு வேவை அழித்துவிடக் கூடாது. பின்னால் வேகம் திருத்தவோ இரைச்சல் குறைக்கவோ வேவ்தான் வேண்டும். கேசட்டை மறுபடி ஓட்டும் வாய்ப்பு எத்தனை முறை கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

குறை என்று சொன்னால், இரைச்சல் நீக்கத்தில் இவர் கை கொஞ்சம் தாராளம். ‘ஸ்ஸ்’ என்ற டேப் இரைச்சலை முழுக்கத் துடைத்துவிட வேண்டும் என்று பார்க்கிறார். துடைத்த மாதிரியில் கைதட்டல் மணல் கொட்டுவது போலவும், பாடகியின் ‘ச’வும் ‘ஷ’வும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலவும் இருந்தன. 6 டெசிபல் குறைத்தால் போதும்; மிச்ச இரைச்சலைக் காது இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும். நல்லவேளையாகத் துடைக்காத மூலப் பதிவையும் கூடவே தருகிறார். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. விலைப் பட்டியலில் “பாட்டு பாட்டாக வெட்டித் தருவது” என்று ஒரு வரி இருக்கிறது. பாட்டுக்கு நடுவே வரும் பேச்சு, சுதி சேர்ப்பது, மைக் டெஸ்டிங், அறிவிப்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் தனித்தனி ஃபைலாகத் தருவார். வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்கிறார். தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தப் பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் கொடுத்த மூலம் எங்கும் கிடைக்கும். மேடைக்காரரின் சொந்தச் சரக்கு பாட்டுக்கு நடுவேதான் இருக்கிறது.

மூன்றாவது கேசட்டில் ஒரு இடம். ஒரு பாட்டு முடிந்து, காணாமல் போன குழந்தை பற்றி கமிட்டி அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு அடியில், மேடை ஓரத்தில் வைத்திருந்த ரெக்கார்டரின் மைக்கில், பையன் குரல் ஒன்று மெல்லக் கேட்கிறது: “அண்ணே, அடுத்தது ரெண்டரைல எடுக்கவா?” (ரெண்டரை என்றால் 2½ கட்டை சுதி; கட்டை ஏற ஏறப் பாடுபவர் குரலும் மேலே போக வேண்டும்.) பதிலுக்கு நம் கலைஞரின் குரல்: “வேணாம்டா தம்பி. அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. ரெண்டுலயே வை. நான் மேல வாசிச்சு நெரப்பிக்கிறேன்.” அடுத்த பாட்டில் பல்லவியின் உச்சிக்குப் பாடகி போகும் இரண்டு இடத்திலும் கீபோர்டு ஒரு ஸ்தாயி மேலே ஏறி அவர் குரலுக்குக் குடை பிடிக்கிறது. வெட்டித் தந்திருந்தால், ஏன் அப்படி வாசித்தார் என்பது போயிருக்கும். ஏதோ ஆர்வக் கோளாறு என்றுதான் கேட்பவர் நினைத்திருப்பார். பதினோரு வினாடிப் பேச்சு. முழுப் பதிவு வாங்கியதால் கிடைத்தது.

நினைவுப் பதிவுக்கு வருவோம். அரை நாள் வேலை. கலைஞருக்கு ஒரு காலர் மைக், முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே. ஆர்மோனியத்துக்குத் தனி மைக். கேசட் ஒலி மூன்றாவது தடத்தில் நேரடியாகப் போகிறது. அறையில் ஸ்பீக்கரில் மெதுவாகத்தான் ஒலிக்கும். 30, 40 வினாடி ஓடவிட்டு நிறுத்துகிறார். பேச்சு வந்தால் பேச்சு. வராவிட்டால் இன்னும் கொஞ்சம் ஓடும். ஒரு அமர்வு 45 நிமிடத்துக்கு மேல் போகாது. வயதானவர்களுக்கு அதற்கு மேல் குரல் இறங்கிவிடும்.

இரண்டு விஷயம் முதலில் கெட்டது. சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு டேபிள் ஃபேனைக் காலுக்குத் திருப்பி வைத்தும், தோளில் கிடந்த துண்டு காலர் மைக்கில் உரசிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடப் பதிவு வீண். நம் ஊர்ப் பெரியவர்களைப் பதிவு செய்கிறவர்கள் துண்டை எடுத்து மடியில் போடச் சொல்லிவிட வேண்டும். சட்டையில் மைக்கை எதிர்ப்பக்கம் குத்தினால் மட்டும் போதாது, பேச்சு ஆவேசமானதும் துண்டு இடம் மாறும். இரண்டாவது, நேரம். காலை பத்து மணிக்கு மேல் சந்தில் லோடு ஆட்டோ வந்துவிடுகிறது. ஏழரைக்கு வரச் சொன்னால் ஒன்பது வரை அமைதியாகக் கிடைக்கும், வெயிலும் ஏறாது.

கேள்வி கேட்பதில் கடைக்காரர் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. நல்ல மெக்கானிக், இசைக்காரர் இல்லை. “எந்த ஊர் மேடை? எந்த வருஷம்?” என்றே கேட்கிறார். “எப்ப ஆரம்பிச்சீங்க? குரு யாரு?” போன்றவற்றுக்கு எல்லாக் கலைஞர்களிடமும் பல முறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் தயாராக இருக்கும். “இந்த எடத்துல ஏன் கை நின்னுச்சு?” என்று கேட்டால்தான் புதிதாக எதையாவது யோசிப்பார்கள். கூட வாசித்த பாங்கோஸ்காரரையோ தபேலாக்காரரையோ அழைத்துப் போவது நல்லது. கையில் ஆர்மோனியமும் இருக்கட்டும். வாய் மறந்ததை விரல் மறப்பதில்லை. “இப்படித்தான்” என்று வாசித்துக் காட்டியதில்தான் நாடக மேடையிலிருந்து மெல்லிசைக்கு அவர் எதைக் கொண்டுவந்தார் என்பதே தெரிந்தது. நாடகத்தில் நடிகர் தாளமில்லாமல் பாடும் விருத்தத்தை எங்கே நிறுத்துவார் என்று முன்கூட்டித் தெரியாது. ஆர்மோனியம் பின்னாலேயே போய், அவர் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். கீபோர்டுக்கு வந்த பிறகும் பாடுபவருக்குப் பின்னால் ஒரு மூச்சு தள்ளியே கை வைத்திருக்கிறார். பல குழுக்களில் அதற்காகவே திட்டு வாங்கியதாகவும், பாடகிகள் மட்டும் அவரைக் கேட்டு அழைத்ததாகவும் சொன்னார். இந்த 12 நிமிடம்தான் முழுப் பதிவிலும் மதிப்பு மிக்கது.

வருஷம் கண்டுபிடிப்பதற்கு லேபிளை நம்ப முடியாது. ஒரு கேசட்டில் “1981 சித்திரை” என்று எழுதியிருந்தது. அதில் மணி போல ஒலிக்கும் எலெக்ட்ரிக் பியானோ ஒலி வருகிறது, யமஹா டிஎக்ஸ்7 வகை. அந்தக் கீபோர்டு உலகத்துக்கே வந்தது 1983இல். சுட்டிக்காட்டியதும், அது சென்னையிலிருந்து வாடகைக்கு வந்த கீபோர்டு என்றும், தொட்டால் திட்டுவார்கள் என்று பயந்து பயந்து வாசித்தது என்றும் நினைவு வந்தது. இப்படி மடக்குவதற்காகவாவது விஷயம் தெரிந்த ஒருவர் அறையில் இருக்க வேண்டும்.

இனி அந்தப் பிசகு. ஆறாவது கேசட், வாடிப்பட்டிப் பக்கம் 1987இல் ஒரு கோயில் பொங்கல் கச்சேரி. முதல் அமர்வில் அதன் கடைசிப் பாட்டைப் போட்டதும் கலைஞர் முகம் சுருங்கியது. “ஓடுறேன் பாருங்க. அப்பல்லாம் வேகமா வாசிச்சா நல்லா வாசிக்கிறோம்னு நெனப்பு. அந்தக் காலம் பூரா இப்படித்தான் வாசிச்சுக் கெடுத்திருக்கேன்” என்றார். பதிவில் அப்படியே போய்விட்டது.

பாட்டும் வேகமாகத்தான் இருந்தது. ஆனால் சுதியும் ஏறியிருந்தது. முதல் பாட்டு 2 கட்டையில் தொடங்கிய கச்சேரி, அதே பாடகிக்குக் கடைசியில் 2½ கட்டையில் நிற்கிறது. குரலும் சின்னப் பெண் குரலாகிவிட்டது. பேட்டரியில் ஓடும் ரெக்கார்டரில் பதிந்தவற்றில் இது அடிக்கடி வரும். பேட்டரி இறங்க இறங்கப் பதியும்போது டேப் மெதுவாக ஓடும். அதைச் சரியான வேகத்தில் ஒலிக்கும்போது எல்லாம் வேகமாகவும் மேலேயும் கேட்கும். 6 சதவீதம் போதும், அரைக்கட்டை ஏறிவிடும். தாளமும் அதே 6 சதவீதம் ஓடும்: நிமிடத்துக்கு 120 அடி வாசித்தது 127 ஆகும்.

கடைக்காரர் இதைத் திருத்தத் தெரிந்தவர்தான். ஆம்ப்ளிஃபயரின் ‘ம்ம்’ என்ற ஹம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ். கேசட்டில் அது எவ்வளவில் கேட்கிறது என்று பார்த்து, முழு நீளத்துக்கும் 50க்கு இழுத்து நிறுத்தினார். சுதி இப்போது ஏறாமல் ஒரே இடத்தில் நின்றது. ஆனால் நின்ற இடம் தப்பு. ஆர்மோனியத்தை வைத்துச் சேர்த்தால் 2 கட்டைக்கும் 2½ கட்டைக்கும் நடுவே, சேரவே இல்லை. முன்பு சரியாக இருந்த முதல் பாட்டும் இப்போது கெட்டிருந்தது.

காரணம் கலைஞர் வாயிலிருந்தே வந்தது. அந்த மேடைக்குக் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர். ஜெனரேட்டரின் ஹெர்ட்ஸ் இன்ஜின் வேகத்தைப் பொறுத்தது. சீரியல் லைட்டும் ஃபோகஸும் ஏறினால் இறங்கும். இந்த மேடையில் 48½ பக்கம் ஓடியிருக்கிறது. அதை 50 என்று எடுத்துக்கொண்டு இழுத்ததில் எல்லாம் 3 சதவீதம், கிட்டத்தட்டக் கால் கட்டை மேலே போய்விட்டது. அந்தக் காலத்தில் ஊருக்கு வந்த கரண்டே எப்போதும் சரியாக 50இல் நின்றதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹம்மை வைத்து வேகம் ஏறி இறங்குவதைத் தட்டையாக்கலாம். இறுதி அளவுக்கு அதை நம்பக் கூடாது.

நம்ப வேண்டியது கீபோர்டை. டிஜிட்டல் கீபோர்டு ‘ஏ’ கட்டை 440 ஹெர்ட்ஸ் என்று செய்யப்பட்டு வருவது. சுதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டினாலும் முழு அரைக்கட்டைகளாகத்தான் நகரும், நடுவில் நிற்காது. அதனால் பாட்டில் கீபோர்டு மட்டும் தனியாக நீட்டிப் பிடிக்கும் ஒரு ஸ்வரத்தைத் தேடி, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அதன் ஹெர்ட்ஸைப் பார்த்தால் போதும். 2 கட்டை 293.7இல் இருக்க வேண்டும், 2½ கட்டை 311.1இல். இதில் 303 பக்கம் காட்டியது. அதைக் கொண்டு மறுபடி இறக்கினார். ஒரு மணி நேர வேலை. கூடுதல் காசு கேட்கவில்லை. தன் முறையில் இருந்த ஓட்டையைச் சொன்னபோது நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கடையைச் சிபாரிசு செய்யலாம்.

இரண்டாவது அமர்வில், திருத்திய கடைசிப் பாட்டை எதுவும் சொல்லாமல் போட்டார்கள். கலைஞர் ஆர்மோனியத்தில் 2 கட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே வாசித்தார். அனுபல்லவி வரை பேச்சில்லை. தாளம் நிதானமாகப் போனது. பாடகி மூச்சு விட்டதும் அந்த ஒரு மூச்சு தள்ளி அவர் கை வந்தது, முப்பது வயசில் வாசித்ததும் இப்போது வாசிப்பதும் ஒரே இடத்தில். “நல்லாத்தானே வாசிச்சிருக்கான்” என்றார், வேறு யாரையோ சொல்வது போல.

எனவே வேலை கொடுப்பவர்கள் இதை வற்புறுத்திச் சொல்லுங்கள்: வேகம் திருத்தி, ஆர்மோனியத்தோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் கலைஞருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கடையில் இப்போதுள்ள வரிசை தலைகீழ். முதலில் நினைவுப் பதிவு, திருத்தம் பிறகு. எங்கெல்லாம் ஜெனரேட்டர் மேடை, எது பேட்டரியில் பதிந்தது என்பதையும் கேசட்டோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கட்டணம்: 60 கேசட் 300 ரூபாய், 90 கேசட் 400, கூடு மாற்ற 100. இந்த 14க்கும் மூன்று கூட்டுக்கும் சேர்த்து 5,400 ஆனது. நினைவுப் பதிவு அரை நாளுக்கு 3,500. இரண்டாவது அமர்வுக்குத் தனியாக வாங்கவில்லை. மூன்று வாரம் என்று சொல்லி ஐந்து வாரம் ஆக்கினார். 18½ மணி நேர டேப்பை ஓட்ட 18½ மணி நேரம் ஆகத்தான் செய்யும். ஆனாலும் கல்யாண முகூர்த்த மாதங்களில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் வந்து குவிந்துவிடுகிறது, அப்போது கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஃபைல் பெயர்கள் “1, 2, 3” என்றே வருகின்றன. ஊர், வருஷம், பக்கம் மூன்றையும் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு ஹார்ட் டிஸ்கிலும், வேறு ஊரில் இருக்கும் மகன் அல்லது மகள் வீட்டிலும் ஒவ்வொரு காப்பி இருக்கட்டும். யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் கூடப் பாடியவர்களிடமும் வாசித்தவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி மேடையில் நிகழ்த்தியவருக்குத் தன் நிகழ்ச்சி மேல் 50 வருஷ உரிமை உண்டு. சினிமாப் பாட்டின் உரிமை வேறு.

கேசட்டை எடுத்துப் போகும்போது பைக் டிக்கியில் வெயிலில் வைக்காதீர்கள், கூடு வளைந்துவிடும். டேப் தொங்கிக் கிடந்தால் பேனாவை விட்டுச் சுற்றி இறுக்கி, கவரில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோங்கள். போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பரணில் கிடக்கும் பழைய டேப் ரெக்கார்டரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் பெல்ட் உருகித் தாராகியிருக்கும், இழுக்கும் சக்கரம் சுற்றாமல் டேப் முழுவதையும் ரோலர் தின்றுவிடும். ஞாயிறு கடை இல்லை. மற்ற நாளில் காலை ஒன்பதுக்கு மேல், மாடிப்படி குறுகல். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முன்னாடியே கீழே டீக்கடையில் சொல்லிவிட்டால் அவரே இறங்கி வந்து கைபிடித்து ஏற்றிக்கொள்கிறார்.